ஓலை வாசிப்பும் ஓர் ஒட்டு மீசையும்

எஸ்றாவின் கல்யாணத்துக்குத் தடை சொன்ன முதல் ஆள் என்ற பெருமை அவனுடைய கைபேசிக்கே சேரும்.

அது நடந்தது கோயிலில். அதுவும் பெண் வீட்டாரின் சாயர்புரம் கோயிலில். நாசரேத், சாயர்புரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய குமாரனுக்கும் இன்னாருடைய குமாரத்திக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று குருவானவர் கேட்டுவிட்டு, மூச்சு வாங்குகிற நேரம் பேசாமல் நிற்பார். யாரும் எதுவும் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் கேட்பதே. அந்த நேரத்தில் இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிற ஊர் அது.

மாப்பிள்ளையாகப் போகிறவன் பெண்ணூர் ஓலைக்குப் போய் உட்காரும் வழக்கமும் கிடையாது. எஸ்றா போனான். தன் பெயரை வாசிக்கும்போது மணப்பெண் ஜெபிஷாவின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க அவனுக்கு ஆசை. ஆண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தான்.

கைபேசியைச் சத்தமில்லாமல்தான் வைத்திருந்தான். ஆனால் சென்னைத் தலைமை அலுவலகத்து நிகில் சார் கூப்பிட்டால் மட்டும் எந்த நிலையிலும் அது அலற வேண்டும் என்று அவனே ஏற்பாடு செய்திருந்தான். அவனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. கப்பல்கள் ஓய்வுநாளைப் பார்த்து வருவதில்லை.

குருவானவர் கேட்டார். சபை மூச்சைப் பிடித்தது.

"வேண்டாம்ல, வேண்டாம்ல, வெட்டிப்புடுவேன் வேண்டாம்ல" என்றது எஸ்றாவின் சட்டைப் பை.

அணைக்கப் போன விரல் பதற்றத்தில் பேச்சைத் திறந்து, ஒலிபெருக்கியையும் அழுத்திவிட்டது. "ஏலே எஸ்றா, எங்கனல இருக்க?" என்று நிகில் சாரின் குரல், சென்னைத் தொண்டையில் தூத்துக்குடியைத் தேய்த்துக்கொண்டு கோயில் முழுக்கக் கேட்டது. அப்போதாவது இவன் வாயை மூடியிருக்கலாம். பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணாச்சி, இங்கன ஓல வாசிக்கானுவ. பொறவு பேசுதேன், வைல."

அவன் 'வாசிக்கானுவ' என்றது, சபையில் எல்லோரும் எழுந்து நின்று வணங்குகிற குருவானவரை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த அறிவிப்புக்குப் போனார். எஸ்றா ஜெபிஷாவின் முகத்தைப் பார்க்கத்தானே வந்தான், பார்த்தான். அது அவன் நினைத்துவைத்த முகம் இல்லை. கோபமாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. யாரோ தெரிந்தவரைக் கூட்டத்தில் கண்டு, இவர் அவர்தானா என்று சந்தேகப்படுகிற முகமாக இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், பெண்ணின் அப்பா ஞானதீபத்திடம் மன்னிப்புக் கேட்டான். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோபமா மாமா என்றதற்கு, "காலையில சாப்ட்டீயளா தம்பி?" என்றார். அதுவரை அவர் வாயில் அவன் 'மாப்ள'. அன்று காலை, வேப்பமரத்தடியில், ஒரு வாக்கியத்துக்குள் அவனுக்குப் பதவி இறக்கம் ஆகிவிட்டது. ஜெபிஷாவிடம் போய் ஏதாவது நினைத்துக்கொண்டாயா என்று சுற்றி வளைத்துக் கேட்டான். "ஒங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாகலியா?" என்றாள்.

இந்த இடத்தில் அந்தச் சீமையைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமாவிலும் பாட்டிலும் தூத்துக்குடிக்காரன் என்றால் பட்டென்று பேசுவான், படாரென்று வெட்டுவான். நிஜத்தில் அங்கே ஒருவரிடமிருந்து நேரான பதில் வாங்குவதற்குள் ஒரு கப்பல் சரக்கை இறக்கிவிடலாம். எங்கே போகிறீர்கள் என்றால் "ஏன், என்ன வேணும்?" என்பார்கள். உடம்பு எப்படி என்றால் "எப்படி இருக்கணும்?" ஜெபிஷா ஏரலில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று நாள் முழுக்கக் கேட்பாள். "ஒனக்கு எப்படித் தெரியுது தாயி?" என்று அவளையே திருப்பிக் கேட்பார்கள். அவர்களுக்கெல்லாம் எப்படியோ சரியான கண்ணாடி கிடைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தப் பாட்டு விஷயத்துக்கு வருவோம். சென்னைப் பையன்கள் சிலர் சேர்ந்து போட்ட பாட்டு. அந்த வருஷம் கல்யாண மண்டபம், காதுகுத்து, கட்சி ஊர்வலம் என்று அது போகாத இடமில்லை. அதன் காணொலியில் முறுக்கு மீசையும் அரிவாளுமாக ஒரு தூத்துக்குடி வீரன் உப்பளத்தில் ஆடுவான். வாக்கியத்துக்கு வாக்கியம் ஏலே போடுவான். கதாநாயகி கண் மை கலையாமல் கடலுக்குள் குதித்து, முத்துமாலையோடு எழுந்து வருவாள். எஸ்றாவைத் துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்களுக்கு லாஞ்சுப் படகில் கூட்டிப்போகிற பாஸ்கல், கடற்கரைக்காரர், தலைமுறை தலைமுறையாக முத்துக் குளித்த வம்சம். அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது கழுத்தில் கட்டிய லேஞ்சித் துணியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நாமளா நூலு வாங்கிக் கோக்க வேண்டாம் பாத்தியாலே. அவளுக்குக் கடலுக்குள்ள கோத்தே போட்டு வச்சிருக்கான்" என்றார்.

எஸ்றாவும் அந்தப் பாட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவன்தான். பிறகு அதையே நிகில் சாருக்கான மணியோசையாக வைத்தான். காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சென்னையோடு காணொலிக் கூட்டத்தில், யதார்த்தமாக "இப்ப வாரேன் சார்" என்று சொன்னான். திரையில் இருந்த கட்டங்கள் எல்லாம் சிரித்தன. கேலிச் சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு. எஸ்றாவின் பலவீனம் அதுதான். யாராவது சிரித்தால் போதும், அடுத்ததையும் எடுத்து விடுவான். வாரேன், 'வாரேம்ல' ஆயிற்று. பிறகு ஏலே வந்தது. பிறகு அரிவாளோடு ஒரு தாய்மாமன் வந்தார். உண்மையான தாய்மாமன் நாசரேத்தில் கோயில் ஆர்கன் வாசிக்கிறவர். கிறிஸ்மஸுக்குக் கோழி வெட்ட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டுத் தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் குடும்பத்தின் மொத்த ஆயுதமும் கேக் வெட்டுகிற கத்தி ஒன்றுதான்.

கையிருப்புத் தீர்ந்தபோது எஸ்றா சொற்களையே உண்டாக்க ஆரம்பித்தான். டீ குடிக்கப் போவதை எங்கள் ஊரில் 'கொம்புவாரம் போடுதது' என்போம் என்று ஒருநாள் சும்மா அடித்துவிட்டான். சென்னை அலுவலகமே நாலு மணிக்குக் கொம்புவாரம் போட ஆரம்பித்தது. வீட்டில் அவன் பேசுவது ஒன்று, நிகில் சாரிடம் பேசுவது வேறு. பாட்டு அடித்தால் இந்தத் தொண்டையைப் பூட்டி அந்தத் தொண்டையைத் திறக்க வேண்டும். அதற்கான எச்சரிக்கை மணிதான் அந்த 'வேண்டாம்ல'.

நிகில் சார் கெட்டவரல்லர். கோயில் சம்பவத்தைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, கம்பெனி ஆண்டுவிழாவுக்கு ஒவ்வொரு கிளையும் ஒரு ஆட்டக் காணொலி அனுப்ப வேண்டும், தூத்துக்குடிக் கிளைக்கு உன்னை விட்டால் ஆள் ஏது, கடற்கரையில் நின்று அந்தப் பாட்டுக்கு ஆடு, மீசையும் அரிவாளும் கூரியரில் வருகிறது என்றார். எஸ்றா வழக்கப்படி, "சரில அண்ணாச்சி" என்றான்.

இடையில் புதன்கிழமை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு ஜெபிஷாவுக்குப் போன் செய்தான். அடுத்த ஓலை வாசிக்கலாமா, வேண்டாமா என்று அவளே சொல்லிவிட்டால் நிம்மதி. முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நடுவில் நின்றுபோன கல்யாணங்கள் அந்தப் பக்கத்தில் உண்டு. பெண் வீட்டிலிருந்து குருவானவருக்கு ஒரு வார்த்தை போனால் போதும்.

"ஞாயித்துக்கிழம ஓலை வாசிக்கலாந்தான?"

"ஏன் கேக்கீய?"

"இல்ல, ஒங்களுக்கு மனசுல ஏதும் இருக்கோன்னு."

"என்ன இருக்கணும்?"

கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம் ரவிக்கை அளவு கொடுக்கத் தூத்துக்குடி வருவதாகவும், கடற்கரைப் பக்கம் ஐந்து மணிக்கு வந்தால் பேசலாம் என்றும் சொன்னாள். அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று பாஸ்கலிடம் கேட்டான். "நீ என்ன முடிவுக்கு வந்த?" என்றார் பாஸ்கல்.

நிகில் சார் குறித்திருந்ததும் அதே சனிக்கிழமைதான். எஸ்றா கணக்குப் போட்டான். நாலு மணிக்கு ஆட்டம், நாலரைக்கு மீசையைப் பிய்த்து முகம் கழுவல், ஐந்துக்கு மாப்பிள்ளை. ஏரல் பஸ் என்றைக்குமே நேரத்துக்கு வந்ததில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டான். அன்றைக்கு அது நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

கடற்கரையில், இழுத்துப் போட்ட படகுகளுக்கு நடுவே, மடித்துக் கட்டிய வேட்டியும் முறுக்கு மீசையுமாக, தெர்மோகோல் அரிவாளோடு எஸ்றா ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தான். அரிவாள் பெரிது, கடற்காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கிப் போய்க்கொண்டிருந்தது. வீரன் இரண்டு அடி ஆடுவதும், அரிவாளைத் துரத்திக்கொண்டு ஓடுவதுமாக இருந்தான். பாஸ்கல் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். திரைக்குள்ளிருந்து நிகில் சார், இன்னும் கோபமா, இன்னும் கொஞ்சம் உங்க ஊர் ஸ்டைலா என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த சில பேர், இது எந்த ஊர் ஆட்டம் என்று தங்களுக்குள் விசாரித்துக்கொண்டார்கள்.

ஓடிப்போன அரிவாள் ஒரு ஜோடிச் செருப்பில் முட்டி நின்றது. நிமிர்ந்து பார்த்தான். ஜெபிஷா.

அவள் குனிந்து அரிவாளை எடுத்தாள். அதன் எடை இல்லாத எடையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை, கடையில் வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் தலைசாய்த்துப் பார்த்தாள்.

"மீச எடப்பக்கம் தொங்குது" என்றாள்.

எஸ்றா ஒட்டப் பார்த்தான். ஒட்டவில்லை. நிகில் சாரிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு அவளோடு தள்ளிப் போய் நின்றான். பாஸ்கல் கைபேசியைக் கடல் பக்கம் திருப்பி மரியாதை செய்தார். நிகில் சார் கொஞ்ச நேரம் அலை பார்த்தார்.

அவள் சத்தம் போடவில்லை. சென்னையில் தான் வேலை பார்த்த காலத்தைச் சொன்னாள். பெரிய கண்ணாடிக் கடை. முதல் நாள் ஒரு வாடிக்கையாளரிடம் "இங்கன உக்காருங்க" என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஜெபி எதாச்சும் பேசு, உங்க ஊர் மாதிரி பேசு என்று சுற்றி உட்கார்ந்துவிடுவார்களாம். கிளி வைத்திருக்கிற வீட்டில் விருந்தாளிகள் கூண்டுக்கு முன்னால் உட்காருவார்களே, அப்படி. உங்க வீட்ல எத்தன அருவா இருக்கு என்று கேட்பார்களாம். எல்லாரும் நல்லவர்கள், ஒருவர் மேலும் வருத்தப்படவும் முடியவில்லை. அதனால் கண்ணாடிக்கு முன்னால் நின்று சென்னைப் பேச்சைப் பழகிக்கொண்டாள். லீவுக்கு வீட்டுக்கு வந்தால், ஏன் செய்தி வாசிக்கிற பிள்ளை மாதிரிப் பேசுகிறாய் என்று அம்மா கேட்டாள். கடைசியில் அங்கேயும் பேசாமல், இங்கேயும் பேசாமல், ஒரேயடியாக ஏரலுக்கே வந்துவிட்டாள்.

"எங்கிட்ட பிடுங்கித்தான் வாங்குனாவ. நீங்க நீங்களாவே எடுத்துக் குடுக்கீய" என்றாள். பிறகு, லென்ஸ் மாற்றுகிற அதே நிதானத்தோடு கேட்டாள். "பொண்ணு பாக்க வந்தன்னைக்குப் பேசுனது ஒரு கொரலு. கோயில்ல பேசுனது ஒரு கொரலு. கட்டிக்கிட்டு வந்தா எங்கிட்ட எந்தக் கொரல்ல பேசுவீய?"

இதற்கு எஸ்றா நேராக ஒரு பதில் சொல்லியிருக்கலாம். அவனும் அந்தச் சீமையில் பிறந்தவன்தானே. "ஒங்களுக்கு எது பிடிக்கும்?" என்றான்.

ஜெபிஷா அரிவாளை அவன் கையில் கொடுத்துவிட்டாள். "எங்க கடைக்கு வாரவங்களாட்டமே பேசுதீய" என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினாள். மணலில் அவள் பத்தடிகூடப் போயிருக்க மாட்டாள். நிகில் சாருக்கு அலை அலுத்துவிட்டது போலிருக்கிறது. "ஏலே எஸ்றா, அண்ணியாலே அது? அவியகிட்டயும் ஸ்லாங்ல ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுல, ரெக்கார்ட் பண்ணிக்கிறேன்" என்று கைபேசி கத்தியது.

அவள் நின்றாள். திரும்பவில்லை, முதுகு மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடப்பட்டதுபோல் விறைத்தது.

எஸ்றா பாஸ்கலிடம் போய்க் கைபேசியை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தான். மீசையின் ஒரு முனை உதட்டில், மறுமுனை காற்றில்.

"சார்" என்றான். அண்ணாச்சி இல்லை, சார். "அவங்க பேச மாட்டாங்க சார். நானும் இனிமே அப்பிடிப் பேசல. எங்க மாமாட்ட அருவா கெடையாது, அவர் கோயில்ல ஆர்கன் வாசிக்கார். எங்க ஊர்ல பெரியவங்கள ஏலேன்னு கூப்புட மாட்டோம், கூப்புட்டா செவுட்டுல விழும். ஒங்ககிட்ட நான் பேசுதது எங்க ஊர்ல யாருமே பேசாத பேச்சு. நானா உண்டாக்குனது."

ஒவ்வொரு வார்த்தைக்கும் மீசை ஒருமுறை எழுந்து விழுந்தது. திரையில் நிகில் சார் வெகுநேரம் அசையாமல் இருந்தார். சிக்னல் போய்விட்டதோ என்று பாஸ்கல் எட்டிப் பார்த்தார்.

"எஸ்றா, இது காமெடியா, சீரியஸா?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டார் நிகில் சார்.

உங்களுக்கு எப்படித் தெரிகிறது சார் என்ற கேள்வி எஸ்றாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டான். "சீரியஸ் சார்."

"அப்ப அந்தக் கொம்புவாரம்?"

"அதும் நாந்தான் சார்."

"யோவ், நான் அதை வீட்லகூடச் சொல்லிட்டிருக்கேன்யா. என் பொண்ணு ஸ்கூல்ல சொல்லியிருக்கா." அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. தூத்துக்குடியே தன்னைக் கைவிட்டதுபோல் ஒருமுறை பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டார். எஸ்றாவுக்குப் பாவமாக இருந்தது. நல்ல மனுஷர். போன கிறிஸ்மஸுக்கு ஆபீஸில் எல்லோருக்கும் கேக் அனுப்பியவர்.

ஜெபிஷா திரும்பி வந்திருந்தாள். வந்து, தொங்கிக்கொண்டிருந்த மீசையைச் சட்டென்று ஒரே இழுப்பாகப் பிய்த்தாள். வலித்த வலியில் எஸ்றாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. நாளைக்கு ஓலை வாசிக்கலாமா என்று அந்தக் கண்ணீரோடேயே கேட்டான். உருக்கமாக இருக்கும் என்று நினைத்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமதான, கோயிலுக்கு எல்லாரும்தான வருவாவ?" என்று சொல்லிவிட்டு, மீசையையும் கையோடு எடுத்துக்கொண்டு, அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். இதற்கு என்ன அர்த்தம் என்று எஸ்றா பாஸ்கலைப் பார்த்தான். பாஸ்கல் வாயைத் திறப்பதற்குள், "நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்ணே" என்றான்.

மறுநாள் காலை அவன் சாயர்புரம் பஸ்ஸில் ஏறியபோது, ஓலை வாசிப்பார்களா மாட்டார்களா என்று அவனுக்குத் தெரியாது. வாசலில் ஞானதீபம் நின்றிருந்தார். "வாங்க சார்" என்றார். மாப்ளயிலிருந்து தம்பி, தம்பியிலிருந்து சார். இதற்குக் கீழே இன்னும் ஏதாவது படி இருக்கிறதா என்று எஸ்றா யோசித்தான். மணி அடிக்கிற கோயில் குட்டியார் அவன் முன்னால் ஒரு காணிக்கைப் பையை நீட்டினார். காணிக்கைக்கு இல்லை. கைபேசியை அணைத்து அதில் போடச் சொன்னார். போட்டான். பையின் கயிற்றை இரண்டு முடிச்சுப் போட்டு, அவர் அதை மணிக்கூண்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

பாட்டு, ஜெபம், பிரசங்கம் எல்லாம் முடிந்து அறிவிப்புகள் வந்தன. பெண்கள் பக்கத்தில் ஜெபிஷா தலை குனிந்திருந்தாள். குருவானவர் தாளைக் கையில் எடுத்தார். இவர்களுடைய இரண்டாம் ஓலை என்றார். எஸ்றாவின் நெஞ்சு, லாஞ்ச் கப்பலின் பக்கவாட்டில் போய் முட்டும்போது அடிக்கிற மாதிரி ஒருமுறை அடித்தது. ஆக, அந்த வீட்டிலிருந்து மறுப்பு எதுவும் போகவில்லை. சம்மதம் போனதா என்பதும் தெரியவில்லை.

தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று குருவானவர் கேட்டு நிறுத்தினார். மொத்த சபையும் எஸ்றாவின் சட்டைப் பையைப் பார்த்தது. பை அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில், ஏரலுக்குப் போகிற மினிபஸ் கோயில் வாசலில் வந்து நின்றது. அதன் நிறுத்தம் அங்கேதான். மினிபஸ்ஸுக்கு ஹாரன் இருக்கிறதோ இல்லையோ, பாட்டு இருக்கும்.

"வேண்டாம்ல, வேண்டாம்ல, வெட்டிப்புடுவேன் வேண்டாம்ல."

கூடைகளை ஏற்றுகிறார்கள் போலிருந்தது. பஸ் நகரவே இல்லை. வெட்டிப்புடுவேன் என்று வீரன் முழுச் சரணத்தையும் பாடி முடித்தான். யாரோ சிரிப்பை அடக்கினார்கள், யாரோ அடக்க முடியாமல் இருமினார்கள். ஞானதீபம் கூரையைப் பார்த்தார். குருவானவர் கண்ணாடியைக் கழற்றினார். எஸ்றாவுக்கு, தான் பிறந்ததிலிருந்தே அந்தப் பாட்டு தன்னைத் துரத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றியது.

பெண்கள் பக்கத்தில் பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. ஓலை வாசிக்கும்போது யாரும் எழுந்து நின்று அந்தக் கோயில் பார்த்ததில்லை; மணப்பெண் எழுந்து நின்று யாருமே பார்த்ததில்லை. ஜெபிஷா நின்றாள். குருவானவரைப் பார்த்துப் பேசத் தொடங்கி, பாதியில் எஸ்றாவின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"ஐயா, அது மினிபஸ்ஸு பாட்டு. எனக்கு ஒரு தடையும் கெடையாது. இவியளத்தான் கட்டிக்கிடுவேன். மூணாவது ஓலையும் வாசிச்சிருங்க."